கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்: 850 பார் லைட்டும் 365 ரிங் லைட்டும், 11 மாத அனுபவம்

விளக்கைப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் தம்பி, "மேடம், லைட் எரியலையே" என்றான். எரிந்துகொண்டுதான் இருந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒவ்வொரு எல்இடியின் நடுவிலும் அணையப்போகும் கங்கு போல ஒரு மங்கல் சிவப்பு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். மானிட்டரைக் காட்டினேன். கன்வேயரில் வந்த பையின் மேல் இருந்த பூ, இலை, மஞ்சளும் பச்சையுமான பட்டைகள் எல்லாம் துடைத்து எடுத்த மாதிரி மறைந்திருந்தன. வெள்ளைப் பரப்பின் மேல் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் மட்டும் கரிக்கோடு போல நின்றன. மூன்று வாரமாக வெள்ளை விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இப்போதும் மறக்கவில்லை.

கேமரா வைத்துப் பொருட்களைச் சோதிக்கும் அமைப்புகளை நிறுவுவதும் பராமரிப்பதும் என் வேலை. இங்கே எழுதுவது இரண்டு விளக்குகளைப் பற்றி. ஒன்று 300 மில்லிமீட்டர் நீளப் பட்டை வடிவ அகச்சிவப்பு விளக்கு, அதாவது பார் லைட், அலைநீளம் 850 நானோமீட்டர். இன்னொன்று வளைய வடிவப் புறஊதா விளக்கு, அதாவது ரிங் லைட், 365 நானோமீட்டர். இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையவை. தினமும் இரண்டு ஷிஃப்ட் என 11 மாதமாக ஓடுகின்றன. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லவில்லை. யாருடைய விளக்கை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவைதான் என்பதால், விளக்கின் குணத்தையும் அது எங்கே காலை வாரும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பார் லைட். அந்த மாயம் எப்படி நடந்தது என்றால், வண்ண அச்சில் பயன்படும் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகள் நம் கண்ணுக்கு எட்டும் ஒளியைத்தான் தடுக்கின்றன. 850-இல் அவை கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ஒளி மையைக் கடந்துபோய் அடியில் இருக்கும் வெள்ளைப் படலத்தில் பட்டுத் திரும்பிவிடுகிறது. கரித்தூள் கலந்த கருப்பு மட்டும் எந்த அலைநீளத்தையும் விழுங்கும். எங்கள் முதல் லைனில் தேதி அடிப்பது, ரிப்பனில் உள்ள மையைச் சூட்டால் பையில் ஒட்டும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர், அதன் ரிப்பனில் இருப்பது கரித்தூள். அதனால் எழுத்து நின்றது, படம் போனது. படத்திலேயே கருப்பு மையில் ஒரு மெல்லிய ஓரக்கோடு இருந்தது. அதுவும் கரித்தூள்தான், எனவே அதுவும் போகாமல் நின்றது. எழுத்து விழும் சதுரத்துக்குள் அந்தக் கோடு வராதபடி பை வடிவமைப்பவர்களிடம் சொல்லி மாற்ற வேண்டியிருந்தது. விளக்கு வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் பேசியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அந்த உற்சாகத்தில் இரண்டாவது லைனுக்கும் அதே பார் லைட்டைக் கேட்டு வாங்கினேன். பொருத்தினோம். படம் போனது. எழுத்தும் போனது! வெறும் வெள்ளைப் பை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த லைனில் தேதி அடிப்பது, மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் தொடர் இங்க்ஜெட் பிரிண்டர். அதில் நாங்கள் போடும் கருப்பு மை சாயத்தால் ஆனது, கரித்தூள் இல்லை. கண்ணுக்கு இரண்டு கருப்பும் ஒன்றுதான். அகச்சிவப்புக்கோ ஒன்று கருப்பு, மற்றது கண்ணாடி. வெப்பத்தால் கருக்கும் தெர்மல் பேப்பர் லேபிளுக்கும் இதே கதிதான். பார்கோடு பளிச்சென்று தெரியும், 850-இல் வெற்றுத்தாள். எனவே இந்த விளக்கை வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் மை விற்பவரைக் கூப்பிட்டு "சாயமா, கரித்தூளா?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மாதிரிப் பையை எடுத்துப்போய் விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டின் எத்தனை பக்கத்தைப் படித்தாலும் அந்தப் பத்து நிமிடச் சோதனைக்கு ஈடாகாது.

இரண்டாவது லைனை எப்படிச் சரிசெய்தோம்? அந்தப் பையின் படம் பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சும். சாதாரண 630 நானோமீட்டர் சிவப்பு விளக்கைப் போட்டதும் படம் வெளுத்துவிட்டது, சாயக் கருப்பு நின்றது. அகச்சிவப்பு தேவையே படவில்லை. இரண்டாவது பார் லைட் இப்போது மாற்று விளக்காக அலமாரியில் இருக்கிறது.

அடுத்தது கேமரா. கருப்பு-வெள்ளைப் படம் தரும் மோனோ கேமராவோடு மட்டும் இந்த விளக்கைச் சேருங்கள். பெரும்பாலான கலர் கேமராக்களில், ஒளியை வாங்கும் சில்லான சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பை வெட்டும் ஃபில்டர் ஒன்று இருக்கும், 650-ஐத் தாண்டியது பெரும்பாலும் உள்ளே வராது. எங்கள் அணியில் ஒருவர் கையில் கிடைத்த கலர் கேமராவை மாட்டிவிட்டு, விளக்கு பழுது என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டார். மோனோ கேமராவிலும் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சிலிக்கானால் ஆன சாதாரண சிமாஸ் வகைச் சென்சார் பச்சை ஒளியில் காட்டும் திறனில் பாதிகூட 850-இல் பெரும்பாலும் இருக்காது. 940-இல் அதற்கும் கீழே. சிலிக்கான் 1100 வாக்கில் முற்றிலும் கைவிட்டுவிடும். கங்குச் சிவப்புகூடத் தெரியக்கூடாது என்றால், அல்லது வெளியில் வெயிலில் வேலை என்றால் 940 நல்லது. காற்றில் இருக்கும் நீராவி அந்த இடத்தில் சூரிய ஒளியைக் கணிசமாக விழுங்குவதால் வெயிலின் தொல்லை குறையும். கூரைக்குக் கீழே ஓடும் லைனுக்கு 850 போதும். கேமராவுக்கு அதிக வெளிச்சம் கிடைப்பது அதில்தான்.

ஃபோகஸ் விஷயமும் உண்டு. அறை விளக்கில் லென்ஸை அழகாகத் திருகி வைத்துவிட்டு அகச்சிவப்புக்கு மாறினால் படம் மழுங்கும். கண்ணாடி ஒவ்வொரு அலைநீளத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கிறது. வேலை செய்யப்போகும் விளக்கை எரியவிட்டு, மானிட்டரைப் பார்த்துக்கொண்டேதான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் துளை எஃப் 2.8-இல் இருந்தபோது எழுத்தின் ஓரம் இழைந்து தெரிந்தது, எஃப் 5.6-க்கு மூடியதும் கூர்மை வந்தது. மூடினால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறதே என்றால், அங்கேதான் இந்தப் பார் லைட் தன் மதிப்பைக் காட்டியது.

இதன் ஸ்ட்ரோப் வசதியை, அதாவது விட்டுவிட்டு மின்னுவதைத்தான் சொல்கிறேன். தொடர்ந்து எரியும்போது தாங்கும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை எல்இடிக்கு மிகக் குறுகிய நேரம் கொடுக்கலாம், துடிப்புக்குத் துடிப்பு ஆற இடைவெளி இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். எங்கள் பெல்ட் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. 100 மைக்ரோவினாடித் துடிப்பு என்றால் அதற்குள் பை நகர்வது 0.05 மில்லிமீட்டர். எங்கள் படத்தில் ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டர். அசைவு மங்கல் அரைப் பிக்சலுக்குள் அடங்கிவிட்டது. எல்இடிக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் சுற்றான டிரைவர் விளக்கின் உடலுக்குள்ளேயே இருப்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வெளிக் கன்ட்ரோலர் என்றால் கேபிள் நீள நீளத் துடிப்பு செங்குத்தாக எழாமல் சரிந்து எழும். இதில் 24 வோல்ட், எப்போது மின்ன வேண்டும் என்று சொல்லும் ட்ரிகர் வயர், ஒரே எம்12 கனெக்டர், முடிந்தது கதை.

முடிந்தது என்று நினைத்த அன்று அரை நாள் போனது. படம் இருட்டாக வந்தது, அதுவும் ஒரு படம் ஓரளவு வெளிச்சம், அடுத்தது இருட்டு. விளக்கில் கோளாறு இல்லை. கேமராவின் ட்ரிகர் வெளியீடு, சைகையை ஒளியாக மாற்றிக் கடத்தும் ஆப்டோ என்ற பாகத்தின் வழியாக வருவது, அது பத்துக்கணக்கான மைக்ரோவினாடி தாமதமாகத்தான் திறக்கும். கேமரா ஒளியை வாங்கும் நேரமான எக்ஸ்போஷரும் 100 மைக்ரோவினாடி, துடிப்பும் 100 என்று சரிக்குச் சரியாக வைத்திருந்தேன். துடிப்பின் வால் எக்ஸ்போஷர் முடிந்த பிறகு வீணாகிக்கொண்டிருந்தது. எக்ஸ்போஷரை 250-ஆக அகட்டினேன், துடிப்பை 100-ஆகவே விட்டேன். மங்கலைத் தீர்மானிப்பது துடிப்பின் நீளம்தான், சுற்றுப்புற வெளிச்சத்தை 850-ஐ ஒட்டிய ஒளியை மட்டும் விடும்படி லென்ஸில் போட்ட பேண்ட்பாஸ் ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது. அதன்பின் இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஃபில்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாய்ந்து வரும் கதிருக்கு அதன் கதவு குட்டை அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும். அகலக்கோண லென்ஸோடு போட்டால் படத்தின் நான்கு மூலையும் இருளும். 8 மில்லிமீட்டர் லென்ஸில் இதைப் பார்த்துவிட்டு, கேமராவைத் தூக்கி வைத்து 16 மில்லிமீட்டருக்கு மாறினேன். விளக்கும் சும்மா இருப்பதில்லை, எல்இடி சூடாகும்போது அதன் உச்ச அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் வீதம் மேலே போகும். 30 டிகிரி சூடேறினால் 9 நானோமீட்டர். குறுகிய ஃபில்டர் வாங்கி வைத்தவர்களுக்குக் காலையில் நன்றாக இருந்த படம் மதியம் மங்குவது இதனால்தான்.

சூடு என்றதும் எல்லோரும் கேட்பது, "இன்ஃப்ராரெட் ஆச்சே, பை இளகிடாதா?" 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, அங்கே சூடு ஏறுவதைக் கண்டுதான் இந்த ஒளி இருப்பதையே உலகம் அறிந்தது. அன்றிலிருந்து அகச்சிவப்பு என்றால் சூடு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. பை சூடாவதை நான் பார்த்ததில்லை. சூடெல்லாம் விளக்கின் முதுகில்தான், அலுமினிய வரிகளில். தொடர்ந்து எரியவிட்டால் கை வைக்க முடியாது, ஸ்ட்ரோபில் வெதுவெதுப்போடு நிற்கிறது. ஆனால் விளக்கின் உடலை ஒரு இரும்புத் தகட்டோடு இறுக்கி மாட்டுங்கள், பிளாஸ்டிக் தாங்கியில் தொங்கவிடாதீர்கள்.

இனி ரிங் லைட். பார் லைட்டை மனமார மெச்சுவது போல இதை மெச்ச முடியவில்லை. கோளாறில் பாதி விளக்குடையது, பாதி இந்த வேலையின் இயல்பு.

வேலை இதுதான்: அட்டைப்பெட்டியின் மடிப்பில் நிறமற்ற பசை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. வெள்ளை ஒளியில் பசை தெரியாது. பசையில் ஒளிரும் பொருள் கலந்திருப்பதாகத் தயாரிப்பாளர் சொன்னார், 365 பட்டால் நீலமாக ஒளிரும். விளக்கைப் போட்டோம். பசை ஒளிர்ந்தது. பெட்டி முழுவதும் ஒளிர்ந்தது. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்கள். வெள்ளை அட்டையின் வெண்மையில் பெரும்பங்கு, அதில் சேர்க்கும் வெண்மையூட்டிச் சாயத்தின் வேலை. அது புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் பொருள், பசையில் கலந்ததும் அதே இனம். நீலத்தின் மேல் நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். வெளுக்காத பழுப்பு அட்டை வரும் பெட்டிகளில் மட்டும் பசைக்கோடு அழகாகத் தெரிந்தது.

இதற்கு விளக்கை மாற்றிப் பயனில்லை, பசையை மாற்றினோம். சிவப்பாக ஒளிரும் பசைகள் கிடைக்கின்றன. லென்ஸில் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டதும் அட்டையின் நீலம் இருளில் போய், பசைக்கோடு மட்டும் நின்றது. பசை மாற்ற ஒப்புதல் வாங்க ஏழு வாரம் ஆனது. புறஊதாச் சோதனை அமைக்கப்போகிறவர்கள் விளக்குக்கு ஆர்டர் போடுவதற்கு முன், பின்னணிப் பொருளை இருட்டறையில் ஒரு 365 டார்ச் அடித்துப் பாருங்கள். எது எது ஒளிர்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

விளக்கின் குறைக்கு வருகிறேன். 365 என்று எழுதியிருந்தாலும் எந்த எல்இடியும் ஒரே அலைநீளத்தோடு நிற்காது, கொஞ்சம் ஊதா ஒளி வால் போல 400-ஐத் தாண்டி நீளும். நல்ல தயாரிப்புகளில் அந்த வாலை வெட்டும் கருங்கண்ணாடி விளக்கின் முகத்திலேயே இருக்கும். இதில் இல்லை. பளபளப்பான அட்டையில் அந்த ஊதா பட்டுத் திரும்பி, ஒளிர்வது போலவே நடித்தது. சிவப்பு ஃபில்டர் போட்ட பிறகு எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. நீலமாக ஒளிர்வதைத் தேடுகிறவர்கள் கேமராவில் 420-க்கு மேல் மட்டும் விடும் லாங்பாஸ் ஃபில்டரும், முடிந்தால் விளக்கில் கருங்கண்ணாடியும் போட்டே தீர வேண்டும்.

தூசுக்கென்று தனியாக வாங்கிய மூடி அடுத்த ஏமாற்றம். மாட்டியதும் ஒளிர்வு பாதாளத்துக்குப் போனது. எடுத்துப் பார்த்தால் பாலிகார்பனேட். வெள்ளை, சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளுக்கு அது நல்ல மூடி, 365-ஐயோ அப்படியே விழுங்கிவிடும், காலப்போக்கில் மஞ்சளும் பாரிக்கும். ஒரே அளவுள்ள எல்லா ரிங் லைட்டுகளுக்கும் ஒரே மூடியைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டதும் வருத்தம் தெரிவித்து, போரோசிலிகேட் கண்ணாடி மூடி அனுப்பினார்கள், அது நன்றாக இருக்கிறது. பட்டியலைத் திருத்தினார்களா என்றால், போன மாதம் பார்த்தபோதும் திருத்தவில்லை.

அதே பாலிகார்பனேட்தான் கண்ணுக்குக் காவல். ரிங் லைட்டின் பக்கத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் பாலிகார்பனேட் கண்ணாடி போட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், பெட்டியைச் சுற்றி அதே பொருளில் தடுப்பும் போட்டாயிற்று. விளக்கொளியின் பாதுகாப்புக்கான ஐஈசி 62471 என்ற சர்வதேசத் தரநிலை விளக்குகளை ஆபத்தில்லாதவை, பிறகு குழு 1, 2, 3 என்று பிரிக்கிறது. 1000 வினாடிக்கு மேல் கண்ணில் படும் புறஊதா-ஏ (365 இந்த வகைதான்) ஒளிக்குச் சதுர மீட்டருக்கு 10 வாட் என்பது அதன் எல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ரிங் லைட் அதைச் சுலபமாகத் தாண்டும். புறஊதா விளக்கின் மேல் எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள், பாராட்டுகிறேன். அகச்சிவப்பு விளக்கின் மேல் எதுவும் இல்லை, குழு எண்கூட டேட்டாஷீட்டில் கிடையாது. இது எனக்குக் கோபம் தந்த விஷயம். பிரகாசமான வெள்ளை ஒளி பட்டால் கண் சிமிட்டும், பாவை சுருங்கும். 850 பட்டால் கண்ணுக்குத் தகவலே போகாது, திறந்தபடியே வாங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் "எரியலையே" என்று சொன்ன அதே தம்பி மறுநாள் குனிந்து விளக்கின் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்து இழுத்தேன். அன்றே ட்ரிகரோடு சேர்த்து ஒரு பச்சை விளக்கை மேலே மாட்டினோம். அகச்சிவப்பு எரியும்போதெல்லாம் அதுவும் எரியும்.

இன்னொன்றையும் கேட்பார்கள்: ஒளிர்வு வேண்டாம், புறஊதா பட்டுத் திரும்புவதையே படமெடுக்கலாமா என்று. தெளிந்த பிளாஸ்டிக்கில் கீறல் பார்க்க அது சிறந்த வழி. ஆனால் அதற்கு சோனியின் ஐஎம்எக்ஸ் 487 போல 200 முதல் 400 நானோமீட்டர் வரை பார்க்கும் சென்சார், குவார்ட்ஸ் லென்ஸ் என்று மொத்த அமைப்பே வேறு. இந்த ரிங் லைட்டை மட்டும் வாங்கி அதைச் செய்ய முடியாது. ஒளிர்வு மங்கலானது என்பதால் எங்களுக்கே 4 மில்லிவினாடி எக்ஸ்போஷர் தேவைப்படுகிறது. பெட்டி அந்த இடத்தில் நின்று நகர்வதால் சமாளிக்கிறோம். ஓடும் பெல்ட்டில் இதை வைத்திருந்தால் தோற்றிருப்போம்.

இப்போது யாராவது கேட்டால், பார் லைட்டை யோசிக்காமல் வாங்கச் சொல்வேன், மையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிங் லைட்டைக் கருங்கண்ணாடியும் கண்ணாடி மூடியும் சேர்த்துத் தருகிறவரிடம் வாங்கச் சொல்வேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஷிஃப்ட் தொடங்கும் முன் இரண்டு விளக்கின் கீழும் மாதிரித் தகடு வைத்துப் படமெடுத்து, அந்தப் படத்தின் வெளிச்ச அளவைக் குறித்துக்கொள்கிறேன். அகச்சிவப்புக்கு வெள்ளைப் பீங்கான், புறஊதாவுக்கு ஒளிரும் பிளாஸ்டிக், அதை மற்ற நேரம் இருட்டுப் பெட்டியில் வைத்திருப்பேன். பார் லைட் 182-இல் தொடங்கி இப்போது 177. ரிங் லைட் 168-இல் தொடங்கி 139-க்கு வந்துவிட்டது. புறஊதா எல்இடிகள் சீக்கிரம் தளர்வது தெரிந்ததுதான் என்றாலும் இந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. 120-க்குக் கீழே போனால் பசை இருந்தும் இல்லை என்று கேமரா சொல்ல ஆரம்பிக்கும், அதையும் தகட்டை மங்கவைத்துச் சோதித்தாயிற்று. பேனல் கதவின் உட்புறம் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மாற்று ரிங் லைட்டுக்கு இந்த வாரம் ஆர்டர் போகிறது, இந்த முறை கருங்கண்ணாடியோடு.